பிள்ளைகளின் எண்ணிக்கையும் அவர்களுக்கு விட்டுச் செல்லும் ஏரியும்

அல்ஹம்து லில்லாஹ். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.

 

1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், பிள்ளைகள் அதிகம் என்று நாட்டின் பல பகுதிகளில் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். இன்று பேச்சு தலைகீழ். நம் பழவேற்காடு ஏரியின் வடபுறம் ஆந்திரம். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உள்ளவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற விதியை 2024 நவம்பரில் அங்கே நீக்கினார்கள். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழாவில், தொகுதி மறுவரையறையை முன்னிட்டு, உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார் நம் அப்போதைய முதலமைச்சர். அன்று பிள்ளை சுமை. இன்று பிள்ளை ஓட்டு. மார்க்கம் என்ன சொல்கிறது?

முதலாவது, ரிஸ்க் அல்லாஹ்வின் பொறுப்பு. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்வதை அவன் தடுக்கிறான் (17:31). பிள்ளையைப் பாரமாகப் பார்க்கும் எந்தக் கொள்கையும் நமக்கு உரியதல்ல.

இரண்டாவது, இடைவெளி விடுவதைக் குற்றமாக்கவும் வேண்டாம். குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஸஹாபாக்கள் 'அஸ்ல்' செய்துவந்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). அதற்கு மனைவியின் சம்மதம் வேண்டும் என்பது இமாம்கள் பலரின் கருத்து. ஆக இது கணவனும் மனைவியும் கலந்து முடிவு செய்யும் விஷயம். மூன்றாவது பிரசவத்துக்கு அவள் உடல் தாங்குமா என்று அவளிடம் கேட்காமல், மாமியாரும் அக்கம்பக்கமும் அரசாங்கமும் தீர்ப்புச் சொல்வது அநீதி.

மூன்றாவதுதான் நாம் மறந்தது. எத்தனை பேரைப் பெற்றோம் என்பதோடு, எதை விட்டுச் செல்கிறோம் என்றும் கேட்கப்படுவோம். ஸஅத் (ரலி) தம் சொத்தை தர்மம் செய்ய நினைத்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நபி (ஸல்) அனுமதிக்கவில்லை. வாரிசுகள் பிறரிடம் கையேந்தும் நிலை வரக் கூடாது என்றார்கள் (புகாரி, முஸ்லிம்). இராக்கின் நிலங்களைப் படைவீரர்களுக்குப் பங்கிடச் சொன்னபோது உமர் (ரலி) மறுத்தார்கள். பின்னால் வருவோரைக் குறிப்பிடும் ஹஷ்ர் அத்தியாயத்தின் பத்தாம் வசனத்தை ஆதாரம் காட்டினார்கள். பிறக்காத பிள்ளைக்கும் அந்த மண்ணில் பங்கு வைத்தார்கள்.

நமக்கு அந்த இராக் இந்த ஏரிதான். இங்கே மீனவக் கிராமங்களில் பாடு முறை உண்டு. நல்ல இடத்தில் இன்று ஒருவர் வலை கட்டினால், நாளை அடுத்தவர் முறை. குடும்பங்கள் பெருகினால் முறை வரும் நாள் தள்ளிப்போகும், உண்மை. ஆனால் வலை காலியாக வருவதற்குப் பிள்ளைகள் மட்டுமா காரணம்? முகத்துவாரத்தை மணல் மூடினால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சும் வராது. பொடிக்கண்ணி வலையில் குஞ்சை அள்ளினால், நாளைக்குப் பாடு கட்டுபவனுக்கு என்ன மிஞ்சும்? அது இன்னும் பிறக்காதவனின் பங்கைத் தின்பது.

எனவே சகோதரர்களே! மீன் பிடிப்பவர் குஞ்சை ஏரிக்கே விடுங்கள். வாங்கி விற்பவர் பொடி இறாலுக்கு விலை பேசாதீர்கள். கிராமசபையில் முகத்துவாரத்தைப் பற்றி, மாற்று மதச் சகோதரர்களோடு சேர்ந்து கேளுங்கள். ஏரி எல்லோருக்கும் பொது. மகனை மட்டுமல்ல, மகளையும் படிக்க வையுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சந்ததிகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக. அவர்களின் அமானிதத்தை நாங்கள் தின்றுவிடாமல் காப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.