இன்னாரின் மனைவி

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்தது. வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். பெண்கள் ஏறத்தாழ 8 கோடி. அவர்களில் சுமார் 28 லட்சம் பேரின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. காரணம், அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. கணக்கெடுக்க வந்தவரிடம் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டுமே சொன்னார்கள். அந்நியரிடம் பெண் தன் பெயரைச் சொல்வது அங்கே வழக்கமில்லை. பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில்தான் இது பெருமளவில் நடந்தது.

முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாத பதிவை ஏற்க மறுத்தார். பீகாரில் கூடுதல் அவகாசமும் தரப்பட்டது. அதற்குப் பிறகும் பெயர் வராதவர்கள் வாக்கை இழந்தார்கள். அவர் செய்தது நியாயமா?

நியாயம் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில், சொத்துத் தகுதியுள்ள ஆணின் மனைவியாக இருப்பதே பெண் வாக்குரிமை பெறும் வழிகளுள் ஒன்று. அந்த வாக்கு கணவனின் சொத்துக்கு முளைத்த கிளை. அரசியலமைப்பின் 325, 326-ஆம் பிரிவுகள் அந்தக் கிளையை வெட்டின. வயது வந்த குடிமகள் என்பதே தகுதி. பாலினத்தைக் காட்டி யாரையும் பட்டியலிலிருந்து விலக்க முடியாது. அப்படியிருக்க, 'இன்னாரின் மனைவி' என்ற பதிவை ஏற்றிருந்தால், வெட்டிய கிளையை மறுபடி நட்டதாகியிருக்கும்.

தமிழ் மாணவிகளுக்கு இதைச் சொல்ல இலக்கணமே கைகொடுக்கும். அகத்திணையில் எவர் பெயரையும் சுட்டக் கூடாது என்கிறது தொல்காப்பியம். பெயருக்கு இடம் புறத்தில். ஆனால் அகத்தில் தலைவனுக்கும் பெயரில்லை. பாட்டு முடிந்ததும் அவன் பெயரோடு புறத்துக்குப் போய்விடுவான். வாழ்க்கையிலோ பெண்ணை மட்டும் அகத்திலேயே இருத்தினோம். வாக்காளர் பட்டியல் ஒரு புறத்திணை. அதில் பெயரின்றி நுழைய வழியில்லை.

விதி சரி. அதன் விலையைக் கொடுத்தது யார் என்பதே என் கேள்வி. பெயரைச் சொல்லாதே என்று கற்பித்தவர்கள் ஊரும் குடும்பமும். அந்த வீட்டு ஆண்கள் வாக்களித்தார்கள். கற்பிக்கப்பட்டபடி நடந்தவள் வாக்கை இழந்தாள். சமத்துவம் வாசல்வரை வந்து நின்றுகொண்டு, கட்டப்பட்டிருப்பவளிடம் 'நீயே எழுந்து வா' என்றது. சட்டம் சமமாக இருந்தது. வாசலுக்கு உள்ள தூரம் சமமாக இல்லை. பெயரைக் கேட்பது அரசின் உரிமை என்றால், அதை அச்சமின்றிச் சொல்லும் சூழலை உண்டாக்குவது அரசின் கடமை. கடமையில் நேர்ந்த குறைக்கு அவளுடைய உரிமையைப் பறித்தது அநீதி என்றே நினைக்கிறேன்.

இன்று பெயர் வந்துவிட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் பெண்களின் வாக்குப்பதிவு விகிதம் ஆண்களுடையதைச் சற்றே தாண்டியது. ஆனால் 2024-இல் 543 இடங்களில் வென்ற பெண்கள் 74 பேர்தான். ஊராட்சித் தலைவியின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் கணவர் அமர்ந்து ஆளும் காட்சியும் நமக்குப் பழக்கமானதே. அன்று ஆள் இருந்தாள், பெயர் இல்லை. இன்று பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம். பெயர் நம்மை வாசலைத் தாண்ட வைத்தது. உள்ளே உட்கார நாற்காலி தரவில்லை.

வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பெயரின் கீழும் உறவினர் பெயர் ஒன்று இருக்கும். திருமணத்துக்குப் பிறகும் ஆணின் வரியில் தந்தை பெயர் அப்படியே நிற்கும். பெண்ணின் வரியில் பெரும்பாலும் கணவர் பெயர் ஏறிவிடும். தாய் பெயரைத் தரவும் விதி இடம் தருகிறது. அதைக் கேட்டு வாங்கிய பெண்கள் நம்மில் எத்தனை பேர்?