சார்ந்ததன் வண்ணம்





வாயால் உட்கொள்வதில் நாம் மிகவும் கவனமாக இருக்கின்றோம். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சமைப்பதில்லை. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் காக்கின்றோம். வெளியிடத்தில் சாப்பிட நேர்ந்தால், எந்த எண்ணெயில் பொரித்தது என்று இரண்டு தரம் விசாரிக்கின்றோம். ஆனால் கண்ணாலும் செவியாலும் உள்ளே போவதை விசாரிப்பவர் எத்தனை பேர்? விரத நாளில் இலையில் மரக்கறி இருக்கும். பக்கத்திலே கைத்தொலைபேசியில் அடிதடியும் அவதூறும் ஓடிக்கொண்டிருக்கும். இம்முறை இதனை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றோம்.

ஆன்மாவின் இயல்புகளில் ஒன்று சார்ந்ததன் வண்ணமாதல் என்று சைவசித்தாந்தம் கூறுகின்றது. பளிங்குக்குத் தனக்கென நிறமில்லை. செம்பருத்திப் பூவின் அருகில் வைத்தால் சிவப்பாகத் தோன்றும். நீலத் துணியின் மேல் வைத்தால் நீலமாகத் தோன்றும். உயிரும் அப்படியே. எதனோடு நெடுநேரம் கூடியிருக்கின்றதோ அதன் தன்மையை எடுத்துக்கொள்ளும். திருவள்ளுவர் கல்விக்குப் பின்னர் 'கேள்வி' என்று 42ஆவது அதிகாரத்தை வகுத்ததும், செவிக்கும் உணவு உண்டு என்று கண்டதும் இது கருதியே.

இக்கால ஆய்வுகளும் இதனோடு ஒத்துப்போகின்றன. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் பொஸ்டன் நகர மரதன் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்தன. அடுத்து வந்த நாட்களில் மக்களின் மனநிலையை ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். அந்தச் செய்திகளையும் படங்களையும் நாளொன்றுக்கு 6 மணித்தியாலமோ அதற்கு மேலோ பார்த்தவர்கள், சம்பவ இடத்தில் நின்றவர்களைக் காட்டிலும் கூடிய மனஅழுத்தம் அடைந்திருந்ததாகத் தெரியவந்தது.

நமக்கு இது ஆய்வு சொல்லித் தெரியவேண்டிய செய்தி அன்று. 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் நம்மவர் வீடுகளில் இரவிரவாகத் திரை அணையவில்லை. இன்றும் நம் கோயிலுக்கு வரும் தாயொருவர் படுக்கைக்குப் போகுமுன் அதே காட்சிகளைப் பார்க்கின்றார். பிறகு நித்திரை இல்லை. விடிந்தால் பேரப்பிள்ளைகள் மேல் காரணமற்ற கோபம். "பார்க்காமல் விட்டால் அவர்களைக் கைவிட்டது போல இருக்கின்றது" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு நாம் சிறிது நேரம் பதில் பேசவில்லை. அதில் பாசம் இருக்கின்றது. அதனை யாரும் பழிக்கக்கூடாது.

ஆயினும் நம் முன்னோர் இறந்தவரை நினைப்பதற்கு ஒரு முறை வைத்தார்கள். திதி பார்த்து, உறவினரைக் கூட்டி, விளக்கேற்றி, பிண்டமிட்டு, வந்தவருக்கு அன்னம் கொடுத்தார்கள். துயரத்துக்கு ஒரு நாளும் கொடுத்தார்கள், ஒரு செயலும் கொடுத்தார்கள். தனியே, இருட்டில், நாள்தோறும் அதே காயத்தைக் கிளறுவதால் போனவர்களுக்கு என்ன போய்ச்சேரும்? அவர்கள் பெயரால் ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவினால் அது போய்ச்சேரும்.

அப்படியானால் இனிமையானதை மட்டுமே பார்க்க வேண்டுமா? இல்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நடைபெறும் கந்தபுராண படனத்தை நினைத்துப் பாருங்கள். அதிலே சூரனின் கொடுமை உண்டு, தேவர்களின் சிறைவாசம் உண்டு, போர் உண்டு. ஆனால் ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். அடியார்கள் கூடியிருந்து கேட்பார்கள். அன்றைய பகுதி முடிந்ததும் ஏட்டைக் கட்டிவிட்டு வீடு திரும்புவார்கள். சூரனும் ஈற்றில் மயிலும் சேவலுமாகி முருகனைச் சேர்கின்றான். அழுதவர்களும் தெளிவோடு எழுந்து போனார்கள்.

ஆகவே எதைப் பார்க்கத் தொடங்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்போம். யாரோடு பார்க்கின்றோம்? இதன் பயன் என்ன? எப்போது மூடுவோம்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது நமக்கு உணவாகாது.

தொலைபேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சியந்திரம் புதுச் சாதனமாக இருந்தபோது ஆறுமுக நாவலர் அதனை ஒதுக்கவில்லை. சைவநூல்களை அச்சிட்டு ஊரெங்கும் சேர்ப்பித்தார். நாமும் அவ்வாறே செய்யலாம். காலையில் திருநீறு அணியுமுன் தொலைபேசியைத் தொடுவதில்லை என்று ஒரு விரதம் எடுப்போம். வேலைக்குப் போகும் வழியில் ஒரு தேவாரப் பதிகமோ நல்ல நாதஸ்வர இசையோ கேட்போம். மாலையில் விளக்கேற்றி அரைமணி நேரம் குடும்பமாக அமர்ந்து, ஒரு நல்ல கதையையோ, வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் ஒரு பழைய படத்தையோ பார்ப்போம். சிரிப்பும் இறைவன் தந்ததே. பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்காத இடத்தில் நாம் பயன் சொல்வோம். நமக்கு அவர்கள் பார்ப்பது விளங்காத இடத்தில் அவர்களைச் சொல்லச் சொல்வோம்.

இன்னுமொன்று. நித்திரையின்மை, காரணமில்லாத அழுகை, எதிலும் விருப்பமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் போங்கள். வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அது வெட்கப்பட வேண்டிய விஷயமன்று. தேவாரமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அந்தத் தாய் இப்போது வெள்ளிக்கிழமைகளில் பூசைக்கு முன்னரே வந்து, சிறுவர்களுக்குப் பதிகம் சொல்லிக் கொடுக்கின்றார். நித்திரை முழுவதும் திரும்பிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. இரவில் தொலைபேசியைச் சமையலறையிலேயே வைத்துவிட்டுப் படுக்கின்றேன் என்று மட்டும் சொன்னார். அவருக்கும் நமக்கும் கந்தவேள் துணை நிற்பாராக.

இன்பமே சூழ்க.