அணுவின் தற்செயலும் மனிதனின் தலைவிதியும்

'எல்லாம் தலைவிதி' என்று நம் பாட்டிமார் சொன்னதையே, 'எல்லாம் தற்செயல். அணுவே அப்படித்தானே இயங்குகிறது' என்று சிலர் விஞ்ஞான மொழியில் சொல்லக் கேட்கிறோம். பழைய கள் புதிய மொந்தையில் வந்திருக்கிறது.

இக்கூற்றை உரசிப் பார்க்க வேறெங்கும் போக வேண்டியதில்லை, கண்டியிலிருந்தே தொடங்கலாம். 1903 முதல் சில ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்து, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமியை நாம் கலை மேதையாகவே அறிவோம். 1904இல் தோரியனைற்று என்னும் கருநிறக் கனிப்பொருளைக் கண்டவரும் அவரே. சப்பிரகமுவையின் ஆற்றுச் சரளையில் கிடைத்த அக்கல்லை ஆராய்ந்துதான், 1905இல் இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஓட்டோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். (பின்னாளில் யுரேனியக் கருவின் பிளவைக் கண்ட அதே ஹான்தான்.)

அக்கல்லுக்குள் ஹீலியம் சிறைப்பட்டிருக்கிறது. கனமான கருக்கள் யுகம் யுகமாக உமிழ்ந்த அல்பாத் துணிக்கைகளே அவை. பழைய இயற்பியலின்படி அவை வெளிவந்திருக்கவே கூடாது. தோரியத் துணிக்கையின் ஆற்றல் சுமார் 40 இலட்சம் இலத்திரன் வோல்ற்று; கருவைச் சூழ்ந்த மின்தடையின் உயரமோ 2 கோடிக்கும் மேல். 1928இல் காமோவும், தனித்து ஆராய்ந்த கர்னி, கொண்டன் இருவரும் இப்புதிரை அவிழ்த்தனர். துணிக்கைக்கு அலையின் இயல்பும் உண்டு. ஆதலால் தடையின் மேல் ஏறாமலே அதை ஊடுருவிச் செல்லும் மிகச் சிறிய நிகழ்தகவும் உண்டு. எந்தக் கரு எப்போது சிதையும் என்பதை எவராலும் சொல்ல இயலாது. எனினும், தோரியத்தில் பாதி சிதைய ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள் ஆகும் என்பது திண்ணம். அதே தோரியத்தின் வழித்தோன்றலான பொலோனியம் 212 உமிழும் துணிக்கைக்கு ஆற்றல் இருமடங்கிலும் சற்றே கூடுதல். அதன் அரைவாழ்வோ ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு!

தனி நிகழ்ச்சி தற்செயல்; அது நிகழும் வீதம் தடையின் உயரத்தையும் அகலத்தையும் பொறுத்தது. தலைவிதிக்காரர் மறைப்பது இந்தப் பின்பாதியைத்தான். பேராதனைக்கு மேலே, ஹந்தானைச் சரிவின் தேயிலைத் தோட்டத்தில், எந்தக் குழந்தை நாளை நோயில் விழும் என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். ஆனால், லயத்து அறையொன்றில் எத்தனை பேர் உறங்குகிறார்கள், குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பவற்றைச் சொல்லுங்கள். எத்தனை குழந்தைகள் விழக்கூடும் என்று அவர் கணித்துவிடுவார்.

கருவிலிருந்து சமூகத்துக்குத் தாவுவது நியாயமா என்று நண்பர்கள் கேட்கலாம். முழுதும் நியாயமன்று, ஒப்புமை ஓரிடத்தில் அறுந்துபோகிறது. அறுந்த அந்த இடமே நமக்கு முக்கியம். தோரியக் கருவின் தடையை உலையின் வெப்பமும் அசைக்காது. தோட்டத்து மக்களைச் சூழ்ந்த தடையோ பாராளுமன்றத்தில் எழுப்பப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. வாக்கு இழந்தவன் வீடு கேட்டால் யார் செவி சாய்ப்பார்? எஞ்சியிருந்தோர்க்கு 2003இல் இன்னொரு சட்டம் குடியுரிமை வழங்கியது. லயங்கள் இன்னும் நிற்கின்றன.