அலகும் உழவாரமும்

பழைய வீடு ஒன்றை விலைக்கு வாங்குபவர் எந்தக் கணத்தில் அதற்கு உரியவராகிறார் என்ற வினாவுக்குச் சட்டம் தரும் விடை எளிது: சார்பதிவாளர் முன்னிலையில் கிரயப் பத்திரம் பதிவாகும்போது. அதற்கு முன்பே வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின்மீது அடமானமோ பிறர் பாத்தியதையோ பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் ஆவணம், வாங்கிப் பார்க்கப்பட்டிருக்கும். பழங்காலப் பத்திரங்கள் கைமாறுவனவற்றை நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று, புதையலும் வைப்புப் பொருளும் நீரும் மரமும் கல்லுமாக அடுக்கி எழுதின. அவ்வளவு கருத்தாக எழுதிய பட்டியலிலும் மாடக்குழியில் தலைமுறைகளாகப் படிந்த விளக்குக் கரி இடம்பெறவில்லை. உத்தரத்தில் மண்கூடு கட்டிய குளவி இடம்பெறவில்லை. அந்த வீட்டில் பிறந்து, அதே வாசல் வழியாகத் தூக்கிச் செல்லப்பட்டவர்களும் இடம்பெறவில்லை. இவர்களுக்கு வாங்கியவர் ஏதேனும் கடன்பட்டிருக்கிறாரா, ஆம் எனில் பெருக்கி ஒதுக்கிச் செப்பனிடும் வேலைக்கும் அந்தக் கடனுக்கும் என்ன உறவு என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

மதுரையின் வடமேற்கில், வைகையின் வடகரையில், திண்டுக்கல் சாலையை ஒட்டிய விளாங்குடி இதைச் சிந்திக்கப் பொருத்தமான ஊர். 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை தனிப் பேரூராட்சியாக இருந்த அவ்வூரில், கண்மாயைச் சார்ந்த பழைய குடியிருப்பும் நகரம் பெருகியதால் எழுந்த மனைப்பிரிவுகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. விளாமரத்தையும் குடியையும் சேர்த்துச் சொல்கிறது ஊர்ப்பெயர். குடி என்ற சொல்லுக்கு உறைவிடம், உறைபவர், அவர் வழிவந்த மரபு ஆகிய மூன்றும் பொருளாதலால், கட்டடத்தை அதில் வாழ்ந்தவர்களிடமிருந்து பிரித்து எண்ணாத மனப்பழக்கம் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் பழைய வீட்டில் குடிபுகுகிறார் என்னும்போது, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றினுள் அவர் நுழைகிறார் என்றே மொழி சொல்கிறது. வீடு என்ற சொல் விடு என்னும் வினையின் வழி வந்தது. படை தங்கிப் பெயரும் இடம் பாடிவீடு, வழிப்போக்கர் தங்குவது விடுதி. வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் உடம்பைக் குறிக்க ஆளும் சொல் துச்சில், அதாவது பிறர் மனையில் கிடைத்த ஒதுக்கிடம். உடம்பே ஒதுக்கிடமாக இருக்கையில், ஓட்டுக்கும் சுவருக்கும் உரிமை பேசுவது எவ்வளவு தூரம் செல்லும் என்ற ஐயம் தமிழ்ச் சிந்தனையில் மிகப் பழையது.

பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த நாட்டோட்டு வீட்டைத் திறந்தால் முதலில் எதிர்ப்படுவது வௌவால் எச்சத்தின் நெடி. கண் இருட்டுக்குப் பழகப் பழக, ஓட்டைத் தாங்கும் பனங்கைகளின்மேல் நரம்புபோல் ஏறிச் செல்லும் கறையான் மண்ணும், பரணில் கவிழ்த்து வைத்த பித்தளைப் பாத்திரங்களும், மூலையில் குலுக்கை எனப்படும் மண்ணாலான தானியக் கூடும் தெரியவரும். வாசல் நிலையின் மேல்சட்டத்தில் ஆண்டுதோறும் பூசிய மஞ்சளும் வைத்த குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, நகத்தால் தொட்டால் பொருக்காகப் பெயரும். கறையான் மண்ணை விரலால் தட்டினால் அது உதிர, உள்ளிருந்த வெளிறிய பூச்சிகள் வெளிச்சத்துக்கு அஞ்சிச் சிதறும். பிறகு தச்சர் உளியால் குத்திப் பார்த்து, வைரம் பாய்ந்த பகுதி எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று முடிவு செய்வார். வீட்டைக் காக்கும் வேலை இவ்வாறு ஓர் அழிவில்தான் தொடங்குகிறது.

இந்த முரணை மனுதர்ம நூலின் மூன்றாம் அத்தியாயம் வெளிப்படையாகப் பேசுகிறது. இல்லறத்தான் வீட்டில் ஐந்து சூனைகள், அதாவது கொலைக்களங்கள், இருப்பதாக அது சொல்லும்: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரலும் உலக்கையும், நீர்க்குடம். இவற்றில் அறியாமல் மாளும் சிற்றுயிர்களின் பழி தீர, மறை ஓதுதல், முன்னோர்க்கு நீர்க்கடன், தேவர்க்கு ஆகுதி, உயிர்களுக்கு உணவு, விருந்தோம்பல் என்னும் ஐந்து வேள்விகளை அது நாள்தோறும் விதிக்கிறது. பிறப்பால் மனிதரைத் தாழ்த்தியதற்காகக் கண்டிக்கப்பட வேண்டிய நூல் அது. ஆயினும் துடைப்பத்தைக் கொலைக்கருவி என்று பெயர் சொல்லி அழைத்த அந்த ஓரிடத்தில் உண்மையை நேராகப் பார்த்திருக்கிறது. மச்ச புராணம் சொல்லும் வாஸ்து புருஷன் கதையும் இதே அச்சத்திலிருந்து பிறந்தது. அந்தகாசுரனோடு பொருத சிவனின் வியர்வைத் துளியிலிருந்து எழுந்த பெரும்பசியுடைய பூதத்தைத் தேவர்கள் குப்புறத் தள்ளி, அதன்மேல் அமர்ந்துகொண்டனர்; வீடு கட்டுவோர் இடும் பலி அதற்கு உணவாகும் என்று வரமும் தந்தனர். எந்த வீடும் அழுத்திப் பிடிக்கப்பட்ட ஓர் உயிரின்மீதுதான் நிற்கிறது என்ற இந்தக் கற்பனையின் ஆழத்தை மறந்துவிட்டு, குளியலறை எந்த மூலையில் இருந்தால் பணம் சேரும் என்று கணக்குப் பார்ப்பதாக வாஸ்து சுருங்கிப்போனது வருந்தத்தக்கது.

இந்த இல்லறத்துக்கு எதிர்முனையில் நின்றவர்கள் சமண முனிவர்கள். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில், மாங்குளம், யானைமலை, கீழக்குயில்குடி சமணர்மலை போன்ற இடங்களில், அவர்கள் தங்கிய குகைகள் இருக்கின்றன. மாங்குளத்தின் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் பொது ஊழிக்கு முந்தியவை. வீடு இல்லாத அவர்கள் கையிலும் ஒரு துடைப்பம் இருந்தது. பீலி எனப்படும் மயில்தோகைக் கற்றையால், உட்காரும் முன் அந்த இடத்திலுள்ள எறும்பையும் பூச்சியையும் நோகாமல் அகற்றுவார்கள். வீட்டுத் துடைப்பத்துக்கும் பீலிக்கும் இடையிலுள்ள தூரம் இல்லறத்துக்கும் துறவறத்துக்கும் இடையிலுள்ள தூரமே. கறையானைப் பீலியால் அகற்றி ஒரு கூரையைக் காப்பாற்ற முடியாது. ஆனால் குளவிக் கூட்டை உடைக்கும் முன் அது வெறுங்கூடா என்று பார்க்கலாம், ஓடு பிரிப்பதற்கு முன் அணில் குட்டிகள் கண்விழித்து ஓடும்வரை சில நாள் பொறுக்கலாம். இத்தகைய பொறுமை சிறிதுதான் என்றாலும் இல்லறத்தானால் இயன்றது இதுவே.

துப்புரவு செய்தலையே வழிபாடாக்கிய மரபு சைவத்தில் உண்டு. அலகு என்பது துடைப்பம். அலகிடுதலும் மெழுகுதலும் திருவதிகைக் கோயிலில் திலகவதியார் ஏற்ற தொண்டு. அவர் தம்பியான திருநாவுக்கரசர், ஏழாம் நூற்றாண்டினர், உழவாரம் என்னும் செதுக்குக் கருவியைக் கையில் ஏந்தி, கோயில் முற்றங்களில் முளைத்த புல்லையும் முள்ளையும் களைந்தார். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவாகச் சென்று கோயில்களைத் துப்புரவு செய்வோர் தம் வேலையை உழவாரப்பணி என்றே சொல்கிறார்கள். சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் திருப்புகலூர் நிகழ்ச்சி பழைய வீட்டை ஒதுக்குவோர் அனைவரும் நினைக்கத்தக்கது. நாவுக்கரசர் செதுக்கிய நிலத்தில் பொன்னும் மணியும் பருக்கைக் கற்களோடு கலந்து மின்ன, அவர் கல்லையும் பொன்னையும் ஒன்றாகவே உழவாரத்தில் வாரிக் குளத்தில் எறிந்தார். இக்கதையைச் செல்வத்தின்மீதான வெறுப்பாகப் படிப்பது வழக்கம். எனினும் அங்கு ஒரு தொழிலாளியின் கவனமும் தெரிகிறது. இடம் துப்புரவாக வேண்டும் என்பதே அவர் ஏற்ற வேலை, வேலையின் நடுவே ஆதாயம் தேடுவது அதில் சேராது. பழைய வீட்டின் தேக்குத் தூணையும் செதுக்கு வேலை செய்த நிலைக்கதவையும் கழற்றிக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு விற்றுவிட்டு, எஞ்சியதைப் பொக்லைன் இயந்திரத்திடம் ஒப்படைக்கும் இன்றைய வழக்கத்தின் அருகில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

ஒதுக்கும்போது கிடைப்பவற்றுள் விலை சொல்ல முடியாத பொருள்களும் உண்டு. தென்மாவட்ட வீடுகள் பலவற்றில், மணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாகக் கொண்டு, ஓலைப்பெட்டியில் புடவை வைத்து வழிபடுவார்கள். அப்படியொரு பெட்டி பரணில் கிடைத்தால் அதைக் குப்பையோடு சேர்ப்பது தவறு. விற்றவர் குடும்பத்தைத் தேடிச் சொல்லி அனுப்புவதே முறை. வள்ளுவர் இல்லறத்தானின் ஐந்து கடமைகளில் தென்புலத்தாரை, அதாவது இறந்த முன்னோரை, முதலில் வைத்தார். அவர் கருதியது அவரவர் முன்னோரையே. வாங்கிய வீட்டின் முன்னோர் வாங்கியவருக்கு என்ன உறவு என்பது அந்த அறத்தை இன்னும் ஓரடி நீட்டிக் கேட்க வேண்டிய கேள்வி, கேட்கத்தக்க கேள்வியும்கூட.

ஓடு பிரித்து வேய்ந்து, உளுத்த கைமரங்களை மாற்றி, சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்புக் காரை பூசிய பிறகு நிற்பது அதே வீடுதானா? பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றி ஏதென்ஸ் நகரத் தத்துவவாதிகள் வாதிட்டதாகப் புளூடார்க் எழுதினார். மிலிந்தன் கேள்விகள் என்னும் பாலி நூலில் நாகசேனர், அச்சும் சக்கரமும் நுகமும் தவிரத் தேர் என்று தனியே ஒன்றில்லை, அது வழங்கு பெயர் மட்டுமே என்று நிறுவுகிறார். இரண்டு வாதங்களும் பொருளையே உற்றுப் பார்க்கின்றன. ஆகம மரபோ பொருளை விட்டு, உறைபவரைப் பார்க்கிறது. பழுதுற்ற கோயிலைப் புதுக்குதல் ஜீர்ணோத்தாரணம் எனப்படும், தமிழில் திருப்பணி. வேலை தொடங்கும் முன் தெய்வத்தின் ஆற்றலை நீர்க்குடத்திலோ அத்திப் பலகையில் வரைந்த உருவிலோ ஏற்றி, பாலாலயம் என்னும் சிறு தற்காலிகக் கோயிலில் இருத்துவார்கள். திருப்பணி முடிந்தபின் குடமுழுக்கில் அது திரும்ப ஏற்றப்படும். புதிய கோயிலுக்குச் செய்யும் குடமுழுக்கு ஆவர்த்தம், செப்பனிட்ட கோயிலுக்குச் செய்வது புனராவர்த்தம் என்று பெயரே வேறு. வீட்டுக்கும் இந்த நுணுக்கம் உண்டு: புது வீட்டில் புகுவது அபூர்வம், பயணம் போய்த் திரும்பிப் புகுவது சபூர்வம், தீயாலோ வெள்ளத்தாலோ பழுதுற்றுப் புதுக்கிய வீட்டில் புகுவது துவந்துவம் எனச் சோதிட நூல்கள் கிரகப்பிரவேசத்தை மூன்றாகப் பிரிக்கும். கிராமத் தெய்வ வழிபாட்டில் இதே கருத்து இன்னும் எளிய வடிவில் பிடிமண்ணாக வாழ்கிறது. ஊர்பெயர்ந்து செல்வோர் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சென்று, போன இடத்தில் தெய்வத்தை நிலைநிறுத்துவார்கள். 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் தீயில் சிதைந்து, அதற்குப் புதிய கல் தேடப்பட்டபோது, புதிய தூண்கள் வந்தால் அது வேறு கோயிலாகிவிடும் என்று மதுரையில் எவரும் எண்ணவில்லை. உறைதல் அறுபடாதவரை இடம் மாறுவதில்லை. பழைய வீட்டை முழுதாக இடித்துப் புதிது கட்டுவோர் இழப்பது மண்சுவரை மட்டும் என்று கொள்ள முடியாமலிருப்பது இதனால்தான். இடிப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டிய ஒன்று அங்கு இருந்தது, எவரும் அதை எடுத்து வைக்கவில்லை.

செப்பனிடுவோர் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை என்பதை மதுரை தன் சொந்தக் கதையாகவே வைத்திருக்கிறது. வைகை பெருகிக் கரை உடைந்தபோது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட, ஆளற்ற கிழவியாகிய வந்தி, தான் அவிக்கும் பிட்டில் உதிர்ந்ததைக் கூலியாகத் தருவதாகச் சொல்லி ஓர் ஆளை அமர்த்தினாள், வந்தவர் மதுரைக் கோயிலின் சிவனாகிய சோமசுந்தரர். பிட்டைத் தின்று, ஆடி, உறங்கிக் கிடந்த அந்தக் கூலியாள்மேல் விழுந்த பிரம்படி உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் முதுகிலும் பட்டது. அடிபட்டவர் ஒரு கூடை மண்ணை உடைப்பில் கொட்டி மறைந்தார், கரை நின்றது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது மண் சுமந்த படலம். அவர் அடைத்த பங்கு அவருடையதன்று. வந்திக்கும் அந்தக் கரையில் சொந்தம் ஏதுமில்லை, அதன் ஓரத்தில் குடியிருந்தாள் என்பதைத் தவிர.

விளாங்குடியிலிருந்து ஆற்றைக் கடந்து ஆரப்பாளையம் பக்கம் வந்தால் அந்தக் கதைக்குரிய புட்டுத்தோப்பு இருக்கிறது. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரரும் மீனாட்சியும் மண் சுமக்கும் லீலைக்காக அங்கு எழுந்தருளும் நாளில், அவர்கள் திரும்பும்வரை பெரிய கோயிலின் நடை சாத்தியிருக்கும்.