பொம்மைப் போரும் மனித நெஞ்சமும்

விளையாட்டு குழந்தைகளுக்கே உரியது என்று கருதுவோர் பலர். ஆயினும் வளர்ந்த மனிதனும் விளையாடிக்கொண்டேதான் இருக்கின்றான். ஓய்வு நேரத்தில் ஒருவன் தூண்டில் போடுகின்றான். ஒருவன் அஞ்சல்தலை சேர்க்கின்றான். மற்றொருவன் பூச்செடி வளர்க்கின்றான். இவற்றை உலகம் குறை கூறுவதில்லை. ஆனால், தலை நரைத்த ஒருவர் மேசை விளக்கின் அடியில் அமர்ந்து, விரல் நீளமே உள்ள ஈயச் சிப்பாயின் சட்டைப் பொத்தானுக்கு மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தால், காண்போர் நகைக்கின்றனர். அவ்வாறு தீட்டிய சிப்பாய்களை அணியணியாக நிறுத்தி, நண்பரோடு போர் விளையாட்டும் ஆடுகின்றார் என்று அறிந்தால், அந்நகைப்பு ஐயமாக மாறுகின்றது. 'போர் கொடியதன்றோ? கொடியதொன்றின் சாயலில் இன்பம் காண்பது முறையாகுமோ?' என்னும் வினா எழுகின்றது.

இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நல்லோர் பலர் போர்ப் பொம்மைகளை வெறுத்திருக்கின்றனர். நல்லோர் பலர் அவற்றை விரும்பியும் இருக்கின்றனர். இரு சாராரின் கருத்தையும் எடைபோடுவதற்கு முன்னர், இப்பொழுதுபோக்கின் இயல்பை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

மூவகை இன்பம்

இப்பொழுதுபோக்கில் சேர்த்தல், தீட்டல், ஆடல் என மூவகை இன்பங்கள் உள்ளன.

முதலாவது சேர்த்தல். ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரம் தட்டையான வெள்ளீயச் சிப்பாய்களுக்குப் பெயர் பெற்று விளங்கியது. 1893 ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பார் புதிய முறை ஒன்றைக் கண்டார். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி, அது முற்றும் இறுகுமுன் மீதியை வெளியே கவிழ்த்துவிட்டால், உள்ளே வெற்றிடமான பொம்மை கிடைக்கும். உலோகம் குறைந்தது; எடை குறைந்தது; விலையும் குறைந்தது. ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் உயரமுள்ள இச்சிப்பாய்கள் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளிலும் இடம் பெற்றன. சேர்ப்பவர் நாளடைவில் கற்பவராகவும் ஆகின்றார். எந்தப் படைப்பிரிவின் சட்டைக் கழுத்துக்கு எந்த நிறம், எந்த ஆண்டில் எந்தத் தொப்பி என்று தேடத் தொடங்குபவர், தம்மை அறியாமலேயே வரலாற்றின் வாயிலில் வந்து நிற்கின்றார்.

இரண்டாவது தீட்டல். இதில் அவசரத்திற்கு இடமில்லை. அச்சின் விளிம்பால் உண்டான பிசிறுகளைச் சிறு கத்தியால் சீவவேண்டும். சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தவேண்டும். வண்ணம் பற்றுவதற்கு அடிப்பூச்சுப் பூசவேண்டும். பின்னர் சட்டை, தோல்வார், துப்பாக்கி, முகம் என ஒவ்வொன்றுக்கும் உரிய நிறத்தை இடவேண்டும். நீர்த்த கருவண்ணத்தைத் தடவினால் அது மடிப்புகளில் தங்கி நிழலாகும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை மெல்ல வருடினால் அங்கே ஒளி தோன்றும். இக்காலத்தில் பெரிதும் வழங்கும் 28 மில்லிமீட்டர் உருவத்தில், முகம் ஒரு பயற்றின் அளவே இருக்கும். அம்முகத்தில் கண் வைப்பதற்கு மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மாலைப்பொழுது முழுவதும் உழைத்தும் இரண்டு அல்லது மூன்று சிப்பாய்களே முடிவுறுவர். பொறுமையைக் கைக்குக் கற்பிக்கும் பள்ளி என்று இதனைக் கூறலாம்.

மூன்றாவது ஆடல். இதனை உலகறியச் செய்தவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஆவார். அவர் 1913 ஆம் ஆண்டில் 'லிட்டில் வார்ஸ்', அதாவது 'சிறு போர்கள்', என்னும் நூலை வெளியிட்டார். அவ்விளையாட்டின் பிறப்பை அந்நூலிலேயே அவர் கூறியுள்ளார். சாண்ட்கேட் என்னும் கடற்கரையூரில் ஒருநாள் நண்பர் ஒருவரோடு பகலுணவு உண்டுகொண்டிருந்தார். அறையில் சிறுவர்களின் பொம்மைகள் சிதறிக் கிடந்தன. நண்பர் அங்கிருந்த சிறு பீரங்கியை எடுத்தார். சுருள்வில்லால் இயங்கி, ஓர் அங்குல நீள மரத்துண்டை எறியும் பீரங்கி அது. குறிபார்த்து எய்தார், ஒரு சிப்பாய் விழுந்தான். உணவு மேசையில் தோன்றிய அந்தக் குறும்பு, நாளடைவில் விதிகளோடு கூடிய விளையாட்டாக வளர்ந்தது. காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி தூரம் நகரலாம். குதிரைவீரன் இரண்டடி நகரலாம். பீரங்கி சுடவேண்டுமாயின் அதன் அருகில் நால்வரேனும் நிற்றல் வேண்டும். மரக்கட்டைகள் வீடுகளாயின, சுள்ளிகள் காடுகளாயின. வெல்ஸ் தம் நூலில் பெயரின் முதலெழுத்துகளால் மட்டும் சுட்டிய அந்நண்பர், நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் ஆவார்.

எழும் தடை

இனித் தடைகூறுவோர் உரையைக் கேட்டல் முறையாகும். 'நால்வகைப் படையைக் குறிக்கும் சதுரங்கம் இந்திய மண்ணில் தோன்றியது. அதனை ஆடுவோரை எவரும் கொடியர் என்பதில்லையே' என்று சிலர் விடை கூறுவர். அவ்விடை போதாது. சதுரங்கக் காய்க்கு முகம் இல்லை. பொம்மைச் சிப்பாய்க்கு முகம் உண்டு, சீருடை உண்டு, உண்மையில் வாழ்ந்து மடிந்த படை ஒன்றின் பெயரும் உண்டு.

பிரிட்டன் நிறுவனத்தார் வார்த்த படைப்பிரிவுகளுள் மதராஸ் காலாட்படையும் ஒன்று. கும்பினியார் காலத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் பிறரும் சேவித்த மதராஸ் படையைச் சேர்ந்த சிப்பாய், தன் ஊரை ஒருநாளும் காணாத இலண்டன் சிறுவனின் கையில் பொம்மையாக நின்றான். அவன் ஏன் படையில் சேர்ந்தான்? வயிற்றுக்காகவா, குலவழக்கத்திற்காகவா? அவன் வீட்டில் காத்திருந்தவர் யார்? இவற்றைப் பொம்மை கூறாது. சிவப்புச் சட்டையை மட்டும் காட்டி மற்றவற்றை மறைத்துவிடும். இதுவே முதல் தடை.

இரண்டாவது தடை இதனினும் வலியது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு 1812 ஆம் ஆண்டில் தம் அரசனுக்குப் போர் விளையாட்டு மேசை ஒன்றை அளித்தார். படை அதிகாரியான அவர்தம் மகன் 1824 ஆம் ஆண்டில் அதனை நிலப்படம், பகடை, நடுவர் ஆகியவற்றோடு திருத்தி அமைத்தார். நாட்டின் படைத்தலைமை அதனை ஏற்றுப் பயிற்சிக் கருவியாக்கியது. அங்கே மடிந்தோர் தொகை அட்டவணையில் காணும் எண்ணாக இருந்தது. பிரஷ்யா 1866 இலும் 1870-71 இலும் போர்களில் வென்றபின், பிறநாட்டுப் படைகளும் அவ்விளையாட்டைக் கைக்கொண்டன. சிறுவனின் மேசையிலிருந்து தளபதியின் மேசைக்குச் செல்லும் தூரம் அதிகமில்லை என்பதை வரலாறு காட்டிவிட்டதன்றோ? இளமையில் ஏறத்தாழ 1,500 பொம்மைச் சிப்பாய்களை வைத்திருந்த வின்ஸ்டன் சர்ச்சில், அவ்வணிவகுப்பைக் காண வந்த தந்தையாரின் ஒரு கேள்வியே தம்மைப் படைத்துறைக்கு அனுப்பியது என்று தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

வெல்ஸின் நம்பிக்கையும் அதன் முடிவும்

வெல்ஸ் இத்தடையை அறியாதவர் அல்லர். பொம்மைப் போரை ஆடியவன் உண்மைப் போர் எத்துணைப் பேதைமையும் குழப்பமும் நிறைந்தது என்பதை உணர்வான் என்பது அவர் வாதம். சிறுமேசையிலேயே இத்தனை தவறுகள் நேருமாயின், உயிருள்ள மனிதரை வைத்து நடத்தும் போரில் எத்தனை நேரும்! போர்வெறி கொண்ட அரசர்களையும் ஆரவாரிப்போரையும் ஒரு பெரிய மண்டபத்தில் பொம்மைகளோடு அடைத்துவிட்டால், மற்ற மக்கள் அமைதியாக வாழலாம் என்றும் அவர் நகைச்சுவையோடு எழுதினார்.

நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1914 இல், முதல் உலகப் போர் மூண்டது. பொம்மைப் போரால் அறிவு பெறலாம் என்று எழுதிய வெல்ஸே, 'போரை ஒழிக்கும் போர்' இது என்று அப்போரை ஆதரித்து எழுதினார். 1916 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில், சோம் ஆற்றுப் பகுதியில், பிரிட்டிஷ் படையில் மட்டும் ஒரே நாளில் 19,000க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களுள் எத்தனை பேர் ஈயச் சிப்பாய்களோடு விளையாடி வளர்ந்தவர்கள்!

சாண்ட்கேட்டில் பொம்மையை எய்து வீழ்த்திய ஜெரோமின் நிலை யாது? அவரும் தொடக்கத்தில் போரை ஆதரித்தவரே. அகவை மிகுந்தவர் என்று பிரிட்டிஷ் படை அவரை ஏற்கவில்லை. ஆகவே 1916 ஆம் ஆண்டில், தம் ஐம்பத்தேழாம் அகவையில், பிரெஞ்சுப் படைக்கு மருத்துவ வண்டி ஓட்டச் சென்றார். காயமுற்றோரை ஏற்றிச் சென்ற அவர் நெஞ்சம் மாறியது. போரைப் பற்றி அவருக்கு இருந்த மயக்கம் அங்கே கலைந்தது. மேசைமேல் விழுந்தவனைக் கையால் எடுத்து மீண்டும் நிறுத்தலாம். வண்டியில் கிடந்தவனை அவ்வாறு நிறுத்த இயலவில்லை.

இவ்விருவர் வாழ்க்கையும் உணர்த்துவது ஒன்றே. பொம்மைப் போர் எவரையும் தானாக நல்லவராக்குவதில்லை. அது காவலாகும் என்னும் நம்பிக்கை பொய்த்துவிட்டது. ஆயின், அது தீயவராக்குமோ?

வேறுபாடு எங்கே உள்ளது?

இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், பின்னர் இயன்முறை மருத்துவராக வாழ்ந்தார். அவர் 1962 ஆம் ஆண்டில் எழுதிய 'வார் கேம்ஸ்' என்னும் நூலே இப்பொழுதுபோக்கை மீண்டும் பரப்பியது. கமாண்டோ படையில் வீரம் காட்டிய பிரிகேடியர் பீட்டர் யங், 1967 இல் மற்றொருவரோடு சேர்ந்து இதே துறையில் நூல் எழுதினார். போரைக் கண்ணாரக் கண்டவர்களே பொம்மைப் போரை விரும்பினார்கள் என்றால், அவ்விருப்பத்தைக் கொலைவிருப்பம் எனல் பொருந்தாது.

விளையாட்டிற்கு நான்கு இயல்புகள் உண்டு. இருவரும் மனமொப்பி அமர்கின்றனர். இருவருக்கும் விதி ஒன்றே. விழுந்தது மீண்டும் எழும். குறித்த நேரத்தில் ஆட்டம் முடிந்து, தோற்றவரும் வென்றவரும் சேர்ந்து தேநீர் அருந்துவர். போரிலோ இந்நான்கும் இல்லை. மனமொவ்வாதவரும் அதில் இழுக்கப்படுகின்றனர், வலியவனே விதி வகுக்கின்றான், விழுந்தவன் எழுவதில்லை, போர் முடிந்தபின்னும் துயர் முடிவதில்லை. ஆகவே பொம்மைப் போர், போரின் உருவத்தைக் கொண்டதேயன்றி அதன் உயிரைக் கொண்டதன்று.

தீட்டுவோரின் செயலையும் இங்கு எண்ணுதல் தகும். போர், பல்லாயிரவரை ஒரே சீருடையில் நிறுத்தி முகமற்றவராக்குகின்றது. தீட்டுபவரோ, அச்சிலிருந்து ஒரே வடிவாக வந்த உருவங்களுக்கு ஒவ்வொன்றாய் முகம் கொடுக்கின்றார். பொம்மையை மனிதனாகப் பாவிப்பது விளையாட்டு. மனிதனைப் பொம்மையாகப் பாவிப்பது போர். பிரஷ்ய மேசையின் குற்றம் அது மேசையாக இருந்ததன்று. அதனருகே நின்றவர், கட்டைகளுக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மறக்கக் கூடியவராய் இருந்ததே ஆகும்.

பொம்மை பொய் கூறவும் கூடும் என்பதை மறத்தலாகாது. வில்லியம் சைபோர்ன் என்னும் அதிகாரி, வாட்டர்லூ போர்க்களத்தில் 1830 ஆம் ஆண்டில் எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார்; போரில் நின்றவர்களுக்கு மடல் எழுதிச் செய்தி திரட்டினார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றுருவங்களைக் கொண்ட அவருடைய மாதிரிக் களம் 1838 இல் இலண்டனில் காட்சிக்கு வந்தது. பிரஷ்யப் படைக்கு அதில் மிகுந்த இடம் தரப்பட்டது என்று வெலிங்டன் பிரபு மனங்குறைந்தார். பின்னர் அப்படையின் உருவங்களில் பல அகற்றப்பட்டன. கடனும் மனச்சோர்வும் சைபோர்னைச் சூழ்ந்தன. விரலளவும் இல்லாத ஈயத்துண்டை எங்கே வைப்பது என்பதுகூட உண்மைக்கும் பொய்ம்மைக்கும் இடையிலான போராட்டமாகும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

ஆகவே ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கது யாது? மாணவன் கையிலுள்ள போர்ப் பொம்மையைப் பிடுங்கி எறிதல் பயன் தராது. தடுக்கப்பட்டது ஒளிந்து வளரும். அவனை அன்போடு அணுகிச் சில வினாக்களைக் கேட்டலே நன்று. 'இவன் எந்த நாட்டவன்? எதற்காகப் போருக்கு வந்தான்? இன்று உன் மேசையில் எத்தனை பேர் விழுந்தனர்? அவர்கள் உண்மை மனிதராயின், எத்தனை வீடுகளுக்குச் செய்தி சென்றிருக்கும்?' இவ்வினாக்கள் விளையாட்டின் இன்பத்தைக் கெடுப்பனவல்ல. இன்பத்தோடு அறத்தையும் உடன் அமர்த்துவன.

பொறுமையாகச் சேர்த்தலும், நுணுக்கமாகத் தீட்டலும், நேர்மையாக ஆடித் தோல்வியை முகமலர்ச்சியோடு ஏற்றலும் நற்பண்புகளே. ஆட்டம் முடிந்ததும் விழுந்த சிப்பாய்கள் அனைவரும் எடுக்கப்பட்டுப் பெட்டிக்குள் பத்திரமாக வைக்கப்படுகின்றனர். உலகில் எந்தப் படைத்தலைவனுக்கும் கிட்டாத பேறு அது. அப்பேறு பொம்மைக் களத்திற்கு மட்டுமே உரியது என்பதை மறவாதவனுக்கு இவ்விளையாட்டு குற்றமாகாது. மறந்தவனுக்கோ எந்த விளையாட்டும், எந்த நூலும் காவலாகா.