பட்டா யாருக்குச் சொந்தம்?

விடியுமுன்னரே சுன்னாகம் சந்தை விழித்துக்கொள்கிறது. செம்மண் தோட்டங்களிலிருந்து வெங்காயமும் கத்தரியும் மரவள்ளியும் வாழைக்குலையும் வந்து இறங்குகின்றன. ஒரு காலத்தில் இவற்றைச் சுமந்து வந்தது மாட்டுவண்டி. பின்னர் தட்டிவான் வந்தது. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே மனிதரையும் மூட்டைகளையும் ஒருங்கே ஏற்றிச் சென்ற அந்த மரக்கூட்டு வாகனத்தை முதியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். இன்று சந்தை வாசலில் வரிசையாக நிற்பவை சின்னஞ்சிறு நாலுசக்கர லொறிகள். யாழ்ப்பாணத்தில் அவற்றுக்குப் பெயர் ‘பட்டா’.

இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியாவின் டாட்டா நிறுவனம் 2005 மே மாதத்தில் ‘ஏஸ்’ என்னும் சிறு லொறியை வெளியிட்டது. இரண்டு சிலிண்டர் கொண்ட டீசல் எஞ்சின்; முக்கால் தொன் அளவு பாரம்; விலையோ ஏறத்தாழ 2.25 இலட்சம் இந்திய ரூபா. வடஇந்தியர் அதைச் ‘சோட்டா ஹாத்தி’ என்றனர்; தமிழ்நாட்டார் ‘குட்டி யானை’ என்றனர். இதுவரை இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விலைபோயுள்ளன. இலங்கையில் டிமோ நிறுவனம் இதனை ‘டிமோ பட்டா’ என்னும் பெயரில் விற்றது. குள்ளமானவனைச் செல்லமாகக் குறிக்கும் சிங்களச் சொல் அது. பின்னர் வேறு நிறுவனங்களின் சிறு லொறிகளும் வந்தன. நம்மவர்கள் அவற்றையும் பட்டா என்றே அழைத்தனர். செய்தித்தாள்களும் ‘பட்டா ரக வாகனம்’ என்றே எழுதுகின்றன. ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் ஊரின் பொதுப் பெயராகிவிட்டது. வணிகனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன வேண்டும்?

தமிழ்நாட்டில் பட்டா என்றால் நிலவுரிமைப் பத்திரம். இந்த ஒலியொற்றுமை தற்செயலானது. எனினும் அது நம்மை ஒரு கேள்வியின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. உரிமைப் பத்திரத்தின் பெயரைத் தாங்கியோடும் இவ்வண்டியின் உரிமை உண்மையில் யாரிடம் இருக்கிறது? அதை ஓட்டுகிறவனுக்கு விற்கப்பட்டது என்ன?

இரும்பும் இறப்பரும் மாத்திரமே விற்கப்பட்டன என்று எண்ணுவது பேதைமை. ஏஸ் வண்டியை உருவாக்கியவர்கள் முதலில் முச்சக்கர வண்டிச் சாரதிகளிடம் சென்று அவர்களுடைய தேவைகளை விசாரித்தார்கள். தன்னிடம் நாலுசக்கர வண்டி இருந்தால் ஊரில் நல்ல இடத்தில் பெண் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. வணிகவியல் கற்போர் இதனை ஒரு சுவையான கதையாகப் படிக்கின்றனர். நாமோ இதனை ஒரு சமுதாயத்தின் வாக்குமூலமாகப் படிக்க வேண்டும். மூன்று சக்கரம் ஓட்டுகிறவன் ஒரு மனிதன். நான்கு சக்கரம் ஓட்டுகிறவன் அவனிலும் சற்று மேலான மனிதன் என்று கருதும் சமுதாயத்தில், நான்காவது சக்கரத்தின் விலையில் மதிப்பின் விலையும் அடங்கியிருக்கிறது. சீதனச் சந்தையில் மாப்பிள்ளைக்கு விலை குறிக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் அந்த இளைஞனை எள்ளி நகையாட நமக்கு என்ன உரிமை? மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் நாம், ‘சொந்தத் தொழில் என்ற மாயையில் விழுந்துவிட்டான்’ என்று எளிதில் சொல்லிவிடலாம். இன்னொருவனுடைய வாசலில் கைகட்டி நின்று கூலிக்காகக் காத்திருந்த தகப்பனின் மகன், தன் கையில் திறப்பும் கைத்தொலைபேசியும் வைத்துக்கொண்டு, ‘இன்ன இடத்துக்கு இவ்வளவு தந்தால் வருவேன்’ என்று பேசுகிறான். அந்தக் குரலில் உள்ள நிமிர்வு உண்மையானது. சாதியின் பேராலும் நிலத்தின் பேராலும் தலைமுறை தலைமுறையாகத் தலைகுனிய வைக்கப்பட்டவனுக்கு அந்த நிமிர்வு அற்பப் பொருளன்று. அவனுடைய ஆசையில் குற்றமில்லை. அந்த ஆசை எவ்வாறு விலைபேசப்படுகிறது என்பதுதான் நாம் ஆராயவேண்டிய பொருள்.

சிறு லொறி இங்கு வேரூன்றியதற்குக் காரணங்கள் உண்டு. 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட கண்டி வீதி போர் முடிந்தபின் மீண்டும் திறக்கப்பட்டபோது, தெற்கிலிருந்து பெரிய லொறிகள் வந்தன. வேலிகளுக்கிடையே வளைந்து செல்லும் நமது ஒழுங்கைகளுக்குள் அவற்றால் நுழைய முடியாது. தோட்டத்திலிருந்து சந்தைக்கும், கடற்கரையிலிருந்து பெருவீதிக்கும் பொருளைக் கொண்டுசேர்க்க ஒரு சின்ன வண்டி தேவைப்பட்டது. பொருளாதாரத் தடைக்காலத்தில் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிச் சமாளித்த மக்களுக்குப் புதிய வண்டி ஒரு விடுதலையாகவே தோன்றியிருக்கும். ஆனால் போரில் யாவற்றையும் இழந்தவனிடம் ரொக்கம் ஏது? அவ்விடத்தில்தான் குத்தகை நிதி நிறுவனங்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தன. முற்பணம் கொஞ்சம், மிகுதி மாதத் தவணை. வண்டியின் விலை குறைவென்று சொல்லப்படுவதன் இரகசியம் இதுதான். விலை குறையவில்லை; மாதங்களாகத் துண்டாடப்பட்டது.

இப்பொழுது பட்டாவின் பதிவுச் சான்றிதழைப் பார்ப்போம். குத்தகையில் வாங்கிய வண்டியாயின் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஓட்டுகிறவன் அதன் பாவனையாளன் மட்டுமே. கதவில் பிள்ளையின் பெயரை எழுதுகிறான்; கண்ணாடியில் குலதெய்வத்தின் படத்தை ஒட்டுகிறான்; ஆயுதபூசைக்கு மாலை சூட்டுகிறான்; ஆனால் கடைசித் தவணை கட்டும் நாள்வரை அது அவனுடையதன்று. தவணை தவறினால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ள, 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் நிறுவனத்துக்கு வழி வகுத்திருக்கிறது. அவ்வாறாயின் ‘நீயே முதலாளி’ என்று அவனுக்குச் சொல்லப்பட்ட சொல்லின் பொருள் என்ன?

இந்தத் தந்திரம் புதியதன்று. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு கடன் விற்பனையை விரும்பாதவர். 1923இல் அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார்: வாரந்தோறும் பணம் சேமித்து, முழுவிலையும் சேர்ந்தபின் காரை எடுத்துச் செல்லலாம். 1919இலேயே கடன் கொடுக்கத் தனி நிறுவனம் அமைத்துவிட்ட ஜெனரல் மோட்டோர்ஸின் முன்னால் அத்திட்டம் நிற்கவில்லை. இன்று வண்டி, நாளை பணம் என்ற அழைப்பை எளியவன் எவ்வாறு மறுப்பான்? அதற்கும் எழுபது ஆண்டுகள் முன்னதாக, பிரெஞ்சு விவசாயியின் நிலையை ஆராய்ந்த மார்க்ஸ், ‘லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புரூமேர்’ என்னும் நூலில் இதையொத்த ஒன்றைக் கண்டார். நிலப்பிரபுவிடமிருந்து விவசாயியை விடுவித்த துண்டுநிலமே, அடுத்த தலைமுறையில் அடகுக் கடனின் வழியாக அவனை வட்டிக்காரனிடம் பிணைத்துவிட்டது என்பது அவர் முடிபு. காணித்துண்டுக்குச் சக்கரம் நான்கு பூட்டினால் அதுவே பட்டா. ஒரு வேறுபாடு உண்டு: காணி தேய்வதில்லை, வண்டி ஒவ்வொரு நாளும் தேய்கிறது.

இன்னொரு கணக்கையும் நோக்குவோம். ஒரு வியாபாரி சொந்த லொறி வைத்துச் சாரதியைச் சம்பளத்துக்கு அமர்த்தினால், சம்பளத்தில் 12 வீதத்தை ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் செலுத்த வேண்டும். ரயர் வெடித்தாலும் எஞ்சின் பழுதானாலும் செலவு அவருடையது. ஓட்டமில்லாத நாளிலும் சம்பளம் உண்டு. அந்தச் சாரதியே ‘முதலாளி’யாகிவிட்டால்? சேமலாப நிதி இல்லை. ரயர் அவனுடையது, பழுது அவனுடையது, விபத்து அவனுடையது, ஓட்டமில்லாத நாளின் பட்டினியும் அவனுடையது. இலாபத்தை வைத்துக்கொண்டு நட்டத்தின் சாத்தியத்தை மட்டும் பிரித்தெடுத்து ஏழையின் பெயரில் உறுதி எழுதிக் கொடுத்ததைப் போன்றது இது. சந்தை வாசலில் பத்துப் பட்டா நின்றால் பத்து முதலாளிகள் நிற்கிறார்கள். பதினோராவது ஆள் குறைந்த கூலிக்கு இணங்கிப் போகிறான். ஒருவனை மற்றொருவன் வெட்டி வீழ்த்தும் இந்தப் போட்டிக்குச் சுதந்திரம் என்று பெயர்.

2022ஆம் ஆண்டு இந்தச் சுதந்திரத்தின் உண்மைத் தோற்றத்தைக் காட்டியது. ரூபா வீழ்ந்தது. டீசலுக்காக நாட்கணக்கில் வரிசை நின்றது. ஏப்ரல் மாதத்தில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. பின்னர் கியூஆர் அட்டையில் வாரப் பங்கீடு வந்தது. அந்நியக் கடனை எடுத்தவன் பட்டாச் சாரதியல்லன். அந்நியச் செலாவணியைக் கரைத்தவனும் அவனல்லன். எனினும் ஓடாத வண்டிக்குத் தவணை கட்டும் பொறுப்பு அவனுடையதாயிற்று. தேசமே தன் கடனைத் திருப்பிக் கட்ட இயலாதென 2022 ஏப்ரலில் அறிவித்தது. அதற்காக ஒருவரும் தேசத்தை இழுத்துச் செல்லவில்லை. சிறியவனின் வண்டிக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை.

இங்கு ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: ‘அவன் தன் விருப்பப்படிதானே கையெழுத்திட்டான்? யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லையே?’ இக்கேள்விதான் இவ்விடயத்தின் அறநெறி மையம். விருப்பம் சுதந்திரமானதாக இருக்க வேண்டுமெனில் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். தேர்வதற்கு வேறு வழி ஒன்று இருக்க வேண்டும். தேர்வது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். வேலையில்லாத் திண்டாட்டம் முதல் நிபந்தனையை அழிக்கிறது. புரியாத மொழியிலும் சிற்றெழுத்திலும் அமைந்த ஒப்பந்தம் இரண்டாவதை அழிக்கிறது. இவ்விரண்டையும் அழித்த பின்னர், ‘நீயாகத்தானே ஒப்பினாய்’ என்று சொல்வது அறமன்று, அறத்தின் வேடம். கையெழுத்து அவனுடையதாக இருக்கலாம். கையை நகர்த்தியது அவன் வறுமை.

அப்படியாயின் அவன் தேடிய மதிப்பு எங்கே கிடைக்கும்? இதற்கு விடை தேட நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பட்டாக்கள் நிற்கும் அதே சுன்னாகத்திலிருந்துதான் 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. பொலிசாரின் குண்டாந்தடிகளைத் தாங்கிக்கொண்டு அது முன்சென்றது. அதன் தொடர்ச்சியான போராட்டங்களால்தான் தேநீர்க்கடைகளும் ஆலயங்களும் திறந்தன. அந்த மனிதர்களிடம் விலையுயர்ந்த பொருள் எதுவும் இருக்கவில்லை. தலைநிமிர்வை அவர்கள் தவணையில் வாங்கவில்லை. தோளோடு தோள் நின்று பெற்றார்கள். எனவேதான் அதை எந்த நிறுவனத்தாலும் திருப்பி எடுத்துச் செல்ல முடியவில்லை.

வண்டி வேண்டாம் என்பது நம் கட்சியன்று. வண்டி வேண்டும், அது மக்களிடம் இருக்க வேண்டும். 1957இல் பிலிப் குணவர்த்தனா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை உருவாக்கினார். அதற்கு முன்பே, 1930களில், மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே கட்டியெழுப்பினர். வைத்தியசாலையை நடத்தத் தெரிந்த மண்ணுக்குப் பத்து லொறிகளை நடத்தத் தெரியாதா? தோட்டக்காரரின் சங்கமும் கடற்றொழிலாளர் சங்கமும் வண்டிகளைப் பொதுவில் வாங்கலாம். சாரதிகள் சங்கம் அமைத்துக் குறைந்தபட்சக் கூலியைத் தாமே வகுக்கலாம். கூட்டுறவுகளிலும் ஊழல் புகுந்ததுண்டு, நிர்வாகம் சீர்கெட்டதுண்டு. அந்தக் குறைகளைத் திருத்தக் கூட்டம் கூட்டிக் கேள்வி கேட்கலாம். நிதி நிறுவனத்தின் கூட்டத்தில் பட்டாச் சாரதிக்கு நாற்காலி ஏது?

இது ஒரு நாளில் நிறைவேறும் காரியமன்று. ஆனால் ஆசிரியர்களும் மாணவர்களும் நாளைக் காலையிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு கணக்கைக் கொடுங்கள். 10 இலட்சம் ரூபா கடன், ஆண்டுக்கு 12 வீதம் நிலைவட்டி, நான்கு ஆண்டுகள். வட்டி 4.8 இலட்சம், மாதத் தவணை 30,833 ரூபா. பன்னிரண்டு வீதந்தானே என்று தோன்றும். ஆனால் மாதந்தோறும் முதலும் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ குறையாத முதலுக்கே அறவிடப்படுகிறது. குறையும் முதலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி ஏறத்தாழ 21 வீதம். உயர்தர வகுப்பு மாணவன் அரைமணி நேரத்தில் கண்டுபிடிக்கக்கூடிய உண்மை இது. அவனுடைய அண்ணன் நான்கு ஆண்டுகள் சுமக்கும் உண்மையும் இதுவே.

அந்தக் கணக்கைப் போட்டு முடித்த மாணவன் மாலையில் வீட்டுக்குப் போகிறான். முற்றத்தில் வண்டி நிற்கிறது. அண்ணன் அதைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிறான். ‘அண்ணை, இது ஆருடைய வண்டி?’ என்று தம்பி கேட்கட்டும். அந்தக் கேள்வி வீட்டிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து சங்கத்துக்கும் போகட்டும்.