பெயர் யாருக்கு உரியது?

இன்னான் என்று அறியப்படாமலே ஒருவன் இறந்து, அறியப்படாமலே அடக்கமும் செய்யப்பட்டான் என்று கொள்வோம். எழுபது ஆண்டுகள் கழிந்தபின் அவனுடைய பெயரைத் தேடிக் கண்டறிவது அறச்செயலாகுமா, அன்றி வெறும் ஆவல்தானா? இவ்வினா கற்பனையில் தோன்றியதன்று. ஆஸ்திரேலிய நாட்டில் உண்மையாகவே நிகழ்ந்த ஒன்று இதனை நம்முன் வைக்கிறது.

அடிலெய்டு, தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் தலைநகர். அந்நகரைச் சார்ந்த சாமர்ட்டன் கடற்கரையில் 1948ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் காலையில் ஓர் ஆடவனின் உடல் காணப்பட்டது. தலை கரையோரச் சுவரின்மீது சாய்ந்திருந்தது. கால்கள் கடலை நோக்கி நீண்டிருந்தன. நாற்பதைக் கடந்த வயது, நல்ல உடை. பயன்படுத்தாத ரயில் சீட்டு ஒன்றும், பேருந்துச் சீட்டு ஒன்றும், சீப்பும், சிகரெட்டும், தீப்பெட்டியும் அவனிடம் இருந்தன. பெயரைக் காட்டும் தாள் எதுவும் இல்லை. ஆடைகளில் தைக்கப்பட்டிருந்த அடையாளச் சீட்டுகளும் நீக்கப்பட்டிருந்தன. நஞ்சினால் நேர்ந்த சாவாகலாம் என்று மருத்துவர் ஐயுற்றார். ஆயினும் சோதனையில் நஞ்சு எதுவும் அகப்படவில்லை.

அடுத்த மாதம் அடிலெய்டு ரயில் நிலையத்தில், பொருள்களை ஒப்படைத்து வைக்கும் அறையில், எவரும் கேட்டு வாராத பெட்டி ஒன்று கிடைத்தது. அதிலிருந்த ஆரஞ்சு நிற மெழுகு நூலும், இறந்தவனுடைய காற்சட்டையின் பையைப் பழுது பார்த்திருந்த நூலும் ஒன்றாகவே இருந்தமையால் பெட்டி அவனுடையதே என்று தெளிந்தனர். உள்ளிருந்த துணிகள் சிலவற்றில் 'கீன்' என்னும் குடும்பப் பெயர் எழுதியிருந்தது. காவலர் அப்பெயரைப் பற்றிக்கொண்டு தேடினர். அப்பெயருடையார் எவரும் காணாமற் போயிருக்கவில்லை. பின்னர் அவனுடைய காற்சட்டையின் சிறு உட்பையிலிருந்து, முடிந்தது என்று பொருள்படும் இரு பாரசீகச் சொற்கள் அச்சிட்ட துண்டுத்தாள் ஒன்று கிடைத்தது. அது உமர் கய்யாம் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலொன்றின் இறுதிப் பக்கத்திலிருந்து கிழித்தெடுத்தது. அந்த நூலும் கிடைத்தது. அதன் பின்னட்டையில் பொருள் விளங்காத எழுத்து வரிசைகளும், ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன. அந்த எண்ணைப் பின்னர்க் காண்போம்.

உடலைக் கெடாதபடி பதப்படுத்தி மாதக்கணக்கில் காத்தனர். தலை, மார்பு அளவில் சுதையால் ஒரு படிமமும் வார்த்து வைத்துக்கொண்டு, 1949 ஜூனில் வெஸ்ட் டெரஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். அநாதைப் பிணமாக அவன் போய்விடலாகாது என்று எண்ணி அடக்கச் செலவை ஏற்றவர்கள், குதிரைப் பந்தயத்தில் பணயம் வாங்கும் தொழிலாளர் சங்கத்தினர். சூது விலக்கத்தக்கது என்று இளமை முதல் கற்றவர்கள் நாம்; ஆயினும் அத்தொழிலினர் அன்று காட்டிய இரக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1953ஆம் ஆண்டிறுதிக்குள், இறந்தவன் இன்னாரே என்று பொதுமக்கள் எழுதியனுப்பிய விடைகள் 251 ஆயின என்று காவல்துறை அறிவித்தது. அவற்றுள் ஒன்றும் பொருந்தவில்லை. இவ்வெண்ணைக் கண்டு நகைப்பவர் உண்டு. நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. பெரும்போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் கழிந்த காலம் அது. திரும்பி வாராத மகனையோ, சகோதரனையோ, கணவனையோ எண்ணியிருந்த எத்தனையோ பேர் செய்தித்தாளில் வந்த அம்முகத்தில் தம்மவர் முகத்தைத் தேடியிருப்பர்.

இனி நம் வினாவுக்கு வருவோம். இறந்தவனுக்குப் பெயரால் ஆவது என்ன? உடம்பை விட்ட உயிர், நொடியினும் சிறிய சில சமயங்களுக்குள் தன் வினைக்கேற்ற அடுத்த பிறவியை எய்திவிடுகிறது என்பது நம் ஆகமங்கள் கூறும் கொள்கை. ஆதலின் நீத்தார்க்குப் பிண்டமிட்டு அவரைக் கரையேற்றுவது என்னும் வழக்கிற்கு நம் நெறியில் இடமில்லை. வினைகள் எட்டனுள் நாமகருமம் என ஒன்று உண்டே என்று கேட்கலாம். அது உடம்பின் வடிவையும் உறுப்பமைப்பையும் வகுப்பது; பெற்றோர் இட்ட பெயருக்கும் அதற்கும் தொடர்பு ஏதும் இல்லை. பெயர் அறியப்பட்டால் இறந்தவர் ஆன்மா சாந்தியடையும் என்று பிறர் கூறும் ஆறுதல் மொழியை நாம் கூற இயலாது. சாமர்ட்டன் கரையில் கிடந்த உடலுக்கு உரிய உயிர், அதனைக் கண்டெடுக்கும் முன்னரே எங்கோ பிறந்துவிட்டது. அவ்வுயிருக்கு அடிலெய்டும் இல்லை, கல்லறையும் இல்லை. அங்ஙனமாயின் தேடல் எதற்கு? பற்றற்றிருக்க வேண்டிய உடம்பின்மீது உலகம் வைத்த வீண்பற்று என்று தள்ளிவிடலாமா?

தள்ளிவிடலாம் என்றே முதற்கண் தோன்றும். ஆனால் பெயர் இறந்தவனோடு போகும் பொருளன்று. அவன் தன் பெயரைச் சொல்லித் தன்னைத்தானே அழைத்ததில்லை. பிறர் அழைப்பதற்கென்று பிறர் இட்டது அது. அவன் போனபின்பும் அது அவர்களிடமே தங்கியிருக்கிறது. ஆகவே, பெயரறியாச் சாவினால் இழப்புற்றவர் யாவர் என்று உயிரோடிருந்தாரிடையே தேட வேண்டும். இந்நிகழ்ச்சியில் அத்தகையோர் இருவரைக் காட்டலாம்.

2022 ஜூலையில் அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரிக் அபட் என்பாரும், மரபணு வழியாகக் குடிவழி ஆராயும் அமெரிக்க அறிஞர் காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பாரும் ஒரு பெயரை வெளியிட்டனர். இறந்தவன் கார்ல் வெப், மெல்போர்ன் நகரின் ஒரு பகுதியாகிய ஃபுட்ஸ்கிரேயில் 1905இல் பிறந்தவன், மின்பொறியாளன். இது ஆய்வாளரின் முடிவே; காவல்துறையோ, மரண விசாரணை அதிகாரியோ அன்று அறிவித்ததன்று. எனினும் பொருத்தங்கள் வலுவானவை. அவனுடைய சகோதரி ஒருத்தி வாழ்க்கைப்பட்ட குடும்பத்தின் பெயர் கீன். பெட்டியிலிருந்த துணிகள் காட்டிய பெயர் பொய்யன்று, உறவினன் பெயர். காவலர் கையில் 1949லேயே நூலின் ஒரு முனை இருந்திருக்கிறது.

வெப் 1941இல் மணம் செய்துகொண்டவன். சில ஆண்டுகளில் பிரிவு நேர்ந்தது. கணவன் தன்னைக் கைவிட்டுப் போனான் என்று கூறி, மணமுறிவு வேண்டி, அவன் மனைவி 1951இல் நீதிமன்றத்தை நாடினாள். இதனைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கின் எதிரியாகிய அவன் இறந்து அப்போது மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அவள் வாழ்ந்ததும் அதே தென் ஆஸ்திரேலிய மாநிலத்தில்தான். அவன் அடக்கம் செய்யப்பட்டிருந்த மாநிலத்திலிருந்தே, அவன் உயிரோடு எங்கோ திரிகிறான் என்று கருதி, அவனிடமிருந்து விடுதலை வேண்டினாள். கைம்பெண்ணாயிருந்தவள் கைவிடப்பட்டவளாகத் தன்னை எண்ணி வாழ்ந்தாள். இரண்டும் துன்பமே, ஆயினும் ஒன்றல்ல. அவள் நீதிமன்றத்தில் கூறிய குறைகளைப் பார்த்தால் அவனோடு வாழ்ந்த வாழ்வு இனியதாக இருந்திருக்க முடியாது. அவன் இறப்பை அறிந்திருந்தால் அவள் அழுதிருப்பாளோ, அமைதியுற்றிருப்பாளோ, நாம் ஏன் ஊகிக்க வேண்டும்? அறிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு இருந்தது என்பதொன்றே போதும்.

மற்றவள் அத்தொலைபேசி எண்ணுக்கு உரியவள். கடற்கரைக்கு அண்மையில் வாழ்ந்த ஒரு செவிலி. காவலர் சென்று வினவியபோது, அம்மனிதனைத் தான் அறியேன் என்றாள். சுதைப் படிமத்தைக் காட்டியபோது அவள் முகம் மாறிற்று என்று கண்டவர் கூறினர். தன் பெயர் வெளிப்பட வேண்டா என்று அவள் கேட்டுக்கொண்டதைக் காவலர் ஏற்றனர். அவள் வாழ்நாள் முழுதும் அது பெரும்பாலும் காக்கப்பட்டது. இறந்தபின்னரோ, உலகெங்கும் அப்பெயரை எழுதினர். ஈண்டு நாம் எழுதவில்லை. இறந்தவன் அவளுடைய காதலன் என்றனர். அவள் மகன் அவனுக்குப் பிறந்தவன் என்றனர், காதின் வடிவையும் பல்லின் அமைப்பையும் ஒப்பிட்டுச் சான்று காட்டினர். அவள் வேற்றுநாட்டு உளவாளி என்றும் எழுதினர். மரபணு ஆய்வு முடிவில் அம்மகனுக்கும் இறந்தவனுக்கும் உறவே இல்லை என்று தெரிந்தது.

ஆக, பெயர் தெரியாத ஓர் உடலைச் சூழ்ந்து பெயர் தெரிந்த ஒரு பெண்ணின்மீது பல்லாண்டுகள் பழி வளர்ந்தது. எழுதியவர் எவரும் தாம் பொய் கூறுவதாக எண்ணியிருக்கமாட்டார். ஆயினும் பிறர் மறையை ஆராயாது புலப்படுத்துவதும், ஐயத்தை மெய்போல உரைப்பதும் வாய்மைக்கு இழுக்கு என்றே நம் சிராவக ஒழுக்கம் கருதும். பெயர் கண்டறியப்பட்டதனால் விளைந்த நன்மைகளுள் தலையாயது இப்பழி நீங்கியமையே என்பது என் கருத்து. அது அவள் செவிக்கு எட்டவில்லை. அவள் வழியினரின் செவிக்கு எட்டியது.

தேடலின் பயனை இவ்வாறு ஒப்புக்கொண்டாலும், தேடிய முறை என ஒன்று உண்டு. அதனையும் நாம் பார்த்தாக வேண்டும். சுதை வார்த்தபோது படிமத்தில் இறந்தவனுடைய தலைமயிர் சில ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து பேராசிரியர் அபட் டி.என்.ஏ. கூறுகளைப் பெறச் செய்து, தம் குடிவழி அறியும் பொருட்டுப் பலர் தாமே பதிந்துவைத்த மரபணுத் தொகுப்போடு ஒப்பிட்டார். தொலைவான உறவினர் சிலர் அகப்பட்டனர். அவர்களிலிருந்து மேலேறிக் கீழிறங்கி ஏறத்தாழ 4,000 பேர் கொண்ட குடிவழி மரம் ஒன்றை வரைந்து, இறப்புப் பதிவு இல்லாத ஒருவனை அதிலே கண்டனர்.

கொடாததைக் கொள்ளுதல் களவு என்பது நம்மவர் நன்கறிந்த இலக்கணம். தன் முன்னோரை அறிவதற்காக ஒருவர் தம் மரபணுவைத் தந்தால், அது காவல் விசாரணைக்கும் தந்ததாகுமா? அவர் தந்தது தம்முடையதை மட்டுமன்று. அவர்தம் உடன்பிறந்தாருடையதும், அத்தை மக்களுடையதும், இன்னும் பிறவாத பேரருடையதும் அதனுள் அடங்கியிருக்கிறது. அவர்களை யார் கேட்டார்? 2018இல் கலிபோர்னியாவில் கொலைகாரன் ஒருவனை இம்முறையால் பிடித்தபோது, தொகுப்பில் பதிந்திருந்தோர் அதனை அறியாதிருந்தனர். பெரும் கண்டனம் எழுந்தது. 2019இல் ஜெட்மேட்ச் என்னும் அத்தொகுப்பை நடத்துவோர், இசைவு தெரிவித்தவர்களின் பதிவை மட்டுமே காவல்துறை பயன்படுத்தலாம் என்று விதியை மாற்றினர். நற்பயன் ஒன்றைக் காட்டி இந்த ஐயத்தை மூடிவிட இயலாது. இசைந்து தந்தவரிடம் பெறுவது கொடை; அறியாதவரிடமிருந்து எடுப்பது வேறு. மருமகனோ, மருமகளோ தாமாக முன்வந்து இரத்தம் தந்து மாமனை அடையாளம் காண உதவும்போது இச்சிக்கலே எழுவதில்லை.

மற்றொன்றும் கூற வேண்டும். புதைகுழியைத் தோண்டுவதற்குப் பேராசிரியர் இசைவு கேட்டபோது, 2011இல் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராகிய அமைச்சர் மறுத்தார். பொதுமக்களின் ஆவலுக்கும், பொதுவான அறிவியல் நாட்டத்திற்கும் அப்பாற்பட்ட பொதுநலன் ஒன்று காட்டப்பட வேண்டும் என்பது அவர் தந்த காரணம். அவர் கேட்ட கேள்வி மிகவும் சரியானது என்பேன். அதற்கு விடையே இல்லை என்று அவர் கொண்டதுதான் பொருந்தவில்லை. பின்வந்தவர் இசைந்தார், 2021 மே மாதத்தில் காவல்துறை உடலை எடுத்தது. ஆனால் மறு ஆண்டு வெளிவந்த பெயரோ, தோண்டிய எலும்பிலிருந்து வந்ததன்று. படிமத்தில் ஒட்டியிருந்த மயிரிலிருந்து வந்தது.

பெயர் தெரிந்தபின் ஆவலர் பலருக்கு ஏமாற்றமே மிஞ்சியது. உளவாளி என்று எண்ணியிருந்தவன் மனைவியைப் பிரிந்த மின்பொறியாளன் ஆகிவிட்டான். அவன் எங்ஙனம் இறந்தான் என்பது இன்னும் விளங்கவில்லை; எனினும் கதை சுவை குன்றிவிட்டது என்று வருந்தியோர் உண்டு. மறைபொருளாக இருந்தவரை அவனை விரும்பினர். நம்மைப் போன்ற ஒருவன் என்றதும் அயர்ந்தனர். அது இரக்கமாக இருந்திருந்தால் அயர்ச்சி வந்திராது.

இரக்கத்தோடு காத்திருப்பது எவ்வாறிருக்கும் என்பதை நார்வே நாட்டில் நிகழ்ந்த இத்தகைய மற்றொரு நிகழ்ச்சியில் காணலாம். பெர்கன் நகருக்கு அருகே இஸ்டாலன் என்னும் பள்ளத்தாக்கில் 1970 நவம்பரில் தீயில் கருகிய பெண்ணுடல் ஒன்று கிடைத்தது. அவளும் ஆடைகளின் அடையாளச் சீட்டுகள் நீக்கப்பட்டவள். பல பொய்ப்பெயர்களில் விடுதிகளில் தங்கியவள். உண்மைப் பெயர் அகப்படாமலே 1971 பிப்ரவரியில் காவலர்கள் அவளை அடக்கம் செய்தனர். என்றேனும் உறவினர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டுமே என்று எண்ணி, எளிதில் அழியாத துத்தநாகப் பேழையில் உடலை வைத்தனர். பாதிரியார் வழிபாடு செய்ததையும், மலர்கள் வைத்திருந்ததையும், தாங்கள் நின்றிருந்ததையும் புகைப்படங்களாக எடுத்து, அக்குடும்பத்தார் வரும் நாளில் காட்டுவதற்கென வைத்தனர்.